முப்பது கன மீட்டர் காற்றும் அரை லிட்டர் தண்ணீரும்

தக்காளியில் பூ உதிர்வதை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கொத்தில் ஆறு பூ இருந்தால் இரண்டு உதிரத்தான் செய்யும். ஆனால் பூக்காம்பின் நடுவில் முட்டி போல இருக்கிற கணு மஞ்சளாகி, விரல் பட்டதுமே பூ கழன்று கையோடு வருவது தினமும் நடக்க ஆரம்பித்தது. அப்புறம்தான் பசுமைக்குடிலுக்குள் தொங்கவிட்டிருந்த வெப்பமானியைச் சரியாகப் பார்த்தேன். பகல் ஒரு மணிக்கு 51 டிகிரி.

குடில் சின்னதுதான். மூன்று மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், நடுவில் இரண்டரை மீட்டர் உயரம். ஜிஐ குழாயை வில்லாக வளைத்துச் சட்டம், மேலே 200 மைக்ரான் யூவி பாலித்தீன், இரண்டு முனையிலும் பூச்சிவலை அடித்த கதவு. உள்ளே தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், ஓரமாகக் கொஞ்சம் கீரை. இதைக் கட்டி முடித்தபோது பெரிய வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள் இருக்கும் காற்றை ஆளக் கற்றுக்கொள்ள அதைவிட நாலு மடங்கு நாள் பிடித்தது. அந்தக் கதைதான் இது. செய்த தப்புகளையும் விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

51 டிகிரி என்றால் செடி வெந்துபோயிருக்க வேண்டும். இலை ஓரம் சுருண்டிருந்ததே தவிர வேகவில்லை. அதனால் முதல் சந்தேகம் கருவி மேல் வந்தது. அது தொங்கிய இடத்தில் காலை பதினொன்றிலிருந்து நேர் வெயில். அது அளந்தது காற்றை அல்ல, வெயிலில் காய்ந்த தன் பிளாஸ்டிக் உடம்பை. செடித்தொட்டிக்கு அடியில் வைக்கிற வெள்ளைத் தட்டு ஆறு வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டு நீள மரையாணியில் கோர்த்தேன். அடித்தட்டைத் தவிர மற்றதெல்லாம் கவிழ்த்து. சென்சார் நடுவில், அடியில் பழைய கணினியிலிருந்து கழற்றிய சின்ன விசிறி காற்றை இழுக்கும்படி. தக்காளியின் நுனி உயரத்தில் இதைத் தொங்கவிட்டேன். மறுநாள் அதே வெயில், அதே நேரம், 43 காட்டியது. எட்டு டிகிரி வெறும் பொய்.

ஈரப்பதத்தையும் நம்ப முடியவில்லை. அதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் சேர்த்து மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு ராத்திரி வைத்தால், உள்ளே ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அறை வெப்பத்தில் இது பெரிதாக மாறுவதில்லை. என் பழைய சென்சார் டிஎச்டி22 காலையில் 83 காட்டியது. புதிதாக வாங்கிய எஸ்எச்டி31 காட்டியது 76. பழையதைத் தூக்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். சென்சாரைச் சரிபார்க்காமல் விசிறி, தெளிப்பான் என்று வாங்கிக் குவிப்பது, உடைந்த தராசை வைத்து வியாபாரம் செய்கிற மாதிரி.

சரி, 43 ஆவது உண்மையா என்றால் உண்மைதான். தக்காளிப் பூவுக்குப் பகலில் 32, 33 டிகிரியைத் தாண்டினாலே மகரந்தம் கெட ஆரம்பிக்கும். எனவே வேலை இருந்தது.

கணக்குப்படி குடிலில் திறப்புகள் தரைப்பரப்பில் 15 முதல் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். என்னுடைய தரை 15 சதுர மீட்டர். இரண்டு கதவும் சேர்ந்தால் 2.9 சதுர மீட்டர், அதாவது 19 சதவீதம். காகிதத்தில் பாஸ். ஆனால் ஒரு குச்சியில் சென்சாரைக் கட்டி வளைவின் உச்சிக்குக் கொண்டுபோனபோது 49 டிகிரி. செடி உயரத்தில் 43, கதவுக்கு அருகே 39. சூடான காற்று கதவின் மேல்சட்டத்துக்கும் மேலே, குவிமாடத்தில் குடியிருக்கிறது. கதவு எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதற்கு வழி தெரியாது. போதாக்குறைக்குக் கதவில் இருந்த 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலை தூசி படிந்து பாதி அடைத்திருந்தது. தண்ணீரைப் பீய்ச்சி வலையைக் கழுவியதிலேயே ஒரு டிகிரி இறங்கியது. செலவில்லாமல் கிடைத்த ஒரே டிகிரி அதுதான்.

ஆக, உச்சியில் வழி வேண்டும். நன்றாக இழுத்துக் கட்டிய பாலித்தீனை மேலே ஏறிக் கத்தியால் கிழிக்க மனசு வரவில்லை, இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு மூன்று மீட்டர் நீளத்துக்கு, 40 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, மரச்சட்டத்தில் ஒரு மடல் செய்து கீல் வைத்துப் பொருத்தினேன். ஓரங்களை அலுமினியச் சட்டமும் ஜிக்ஜாக் கம்பியும் போட்டு இறுக்கினேன். ஆணி அடித்தால் அடித்த இடத்திலிருந்து காற்றில் கிழியும்.

மடலைத் தூக்க மோட்டார் வைக்கவில்லை. மெழுகு உருளைகள் இரண்டு போட்டேன். உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து தண்டைத் தள்ளும், ஆறினால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், நிரல் வேண்டாம். திருகைச் சுற்றி எந்த வெப்பத்தில் திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். நான் 24 டிகிரியில் திறக்கத் தொடங்கும்படி வைத்தேன். அதற்கு ஒரு குணம் உண்டு: மெதுவாகத்தான் அசையும். பளிச்சென்று வெயில் வந்தால் பதினைந்து, இருபது நிமிடம் கழித்துத்தான் முழுக்கத் திறக்கும். அந்த மந்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பக்கங்களில் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாலித்தீன் சீட்டைப் பிரித்து, குழாயில் சுற்றி மேலே உருட்டும் திரை ஆக்கினேன். கீழே குளிர்ந்த காற்று நுழைய, மேலே சூடு வெளியேற, விசிறி இல்லாமலே ஓட்டம் கிடைத்தது. வெளியே 35 இருந்த ஒரு நாளில் உள்ளே 37. உச்சித் திறப்பு மட்டும் இருந்தபோது 39.

நிழல்வலையில் செய்தது தப்பு. சுலபம் என்று குடிலுக்கு உள்ளே, செடிகளுக்கு மேலே கட்டினேன். வெயில் ஏற்கெனவே சீட்டைக் கடந்து வந்துவிட்டது, வலை அதை வாங்கிச் சூடாகி அந்தச் சூட்டை உள்ளேயே விட்டது. கை வைத்தால் கறுப்பு வலை சுட்டது. கழற்றி வெளியே, சீட்டுக்கு ஒரு சாண் மேலே கம்பி இழுத்துக் கட்டியதும் காற்றின் சூடு இன்னும் ஒரு டிகிரி இறங்கி 36 ஆனது. ஒரு டிகிரிதானா என்று தோன்றும். ஆனால் அகச்சிவப்பு வெப்பமானியை இலைமேல் காட்டினால் 38 இருந்த இலை 33 ஆகியிருந்தது. செடிக்குத் தெரிவது இலையின் சூடு, நம் கருவியின் சூடு அல்ல. முதலில் கட்டிய 50 சதவீத வலையில் இரண்டு வாரத்தில் செடி வெளிச்சம் தேடிக் கணு நீண்டு வளர்ந்ததால் 35 சதவீத வலைக்கு மாறினேன். மேகமூட்டமான நாளில் அதையும் ஒருபுறம் சுருட்டிவிடுகிறேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தெளிப்பான் மேல் ஆசை விடவில்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பத்தை உறிஞ்சும். அதாவது 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உச்சி வெயிலில் என் குடிலுக்குள் வரும் வெப்பத்தைப் பத்து கிலோவாட் என்று தோராயமாக வைத்தேன். அத்தனையையும் ஆவியாதலே தின்ன வேண்டுமென்றால் மணிக்கு 15 லிட்டர் போதும். பனிமூட்டம் போல நுண்துளியாகத் தெளிக்கிற தெளிப்பானை ஃபாகர் என்பார்கள்; நான்கு மூக்கு உள்ளதாக இரண்டு வாங்கினேன். மூக்குக்கு மணிக்கு 7 லிட்டர், மொத்தம் 56. தேவையைப் போல நாலு மடங்கு. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை, நிறைய இருந்தால் நல்லதுதானே என்றுதான் தோன்றியது.

முதல் நாள் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. குளிர்ச்சி வெளியே போய்விடக் கூடாதென்று பக்கத் திரைகளை இறக்கி, கதவைச் சாத்திவிட்டு ஃபாகரைத் திறந்தேன். உச்சி மடலையும் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். பத்து நிமிடத்தில் 36 இருந்த வெப்பம் 31 ஆனது. வெற்றி என்று வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனால், 33. இன்னும் கால் மணி நேரத்தில் 36. ஃபாகர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஈரப்பதம் 95. காற்று வயிறு முட்டக் குடித்துவிட்டது, இதற்கு மேல் ஒரு துளி ஆவியாக இடமில்லை. ஆவியாகாத தண்ணீர் குளிர்விக்காது. வெயில் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, வெந்நீரில் முக்கியது போல நின்றது. தெளிக்கும்போது திறந்திருக்க வேண்டும், ஈரக் காற்று போனால்தான் அடுத்த வறண்ட காற்று வரும், அதில்தான் அடுத்த துளி ஆவியாகும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

தெளிப்பான் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் சாதாரண வெப்பமானியின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, நிழலில் நின்று விசிறியால் வீசிப் பாருங்கள். இறங்கி இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பம். உங்கள் தெளிப்பான் எத்தனை விலையுயர்ந்ததாக இருந்தாலும் அதற்குக் கீழே போகாது, அந்த அளவை எட்டவும் எட்டாது. 36 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் அது சுமார் 25. நிறைய லாபம். 32 டிகிரியும் 80 சதவீதமும் இருக்கும் புழுக்கமான நாளில் 29. மூன்று டிகிரிக்காகச் செடியைக் குளிப்பாட்ட வேண்டியதில்லை, அன்றைக்கு விசிறி போதும்.

இன்னொரு தொல்லை உப்புத் தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீரில் ஓட்டினேன். பத்து நாளில் இலைமேல் வெள்ளை வெள்ளையாகப் பொடி, மூக்குகளில் பாதி அடைப்பு. வினிகரில் ஊறவைத்துக் கழுவி எடுத்தேன். மழைத்தண்ணீருக்கு மாறிய பிறகு அந்தத் தலைவலி இல்லை.

எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்த இரண்டாவது வாரத்தில், காலையில் வெள்ளரி பறிக்கப் போன அம்மா வெளியே வந்து, "என்னடா இது, உள்ளே மழை பெய்யுது" என்றார். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சீட்டின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் துளிகள். குழாயைத் தட்டினால் சடசடவென்று கொட்டியது. வெள்ளரி இலைகளில் நரம்புக்கு நரம்பு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் திட்டு, திருப்பிப் பார்த்தால் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் பஞ்சு. அடிச்சாம்பல் நோய். தக்காளியில், உதிர்ந்த பூவிதழ் ஒட்டிக்கொண்டிருந்த காய்களில் சாம்பல் பூசணம் பிடித்திருந்தது.

பழியை உடனே ஃபாகர் மேல் போட்டேன். பத்து நாள் நிறுத்தியும் வைத்தேன். காலை மழை நிற்கவில்லை.

பிறகு பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். சென்சாரை ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிப் பலகையில் இணைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதவிட்டிருந்தேன், ஆனால் பகல் எண்களைத் தவிர எதையும் நான் பார்த்ததே இல்லை. ஒரு ராத்திரியின் வரிகளை நோட்டில் எழுதிவைத்தேன்: மாலை 5:30, 30 டிகிரி, 60 சதவீதம். இரவு 8, 26 டிகிரி, 88. இரவு 9:15, 24.5 டிகிரி, 97. அதன்பிறகு காலை ஏழரை வரை 97, 98, 98, 97. பத்து மணி நேரம் இலை ஈரத்திலேயே இருந்திருக்கிறது. பூஞ்சை விதைக்கு அதைவிட என்ன வேண்டும்?

மாலை ஐந்தரைக்கு 60 சதவீதம் இருந்த காற்று எப்படி ராத்திரி 97 ஆனது? இங்கேதான் என் மண்டையில் விளக்கு எரிந்தது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவி வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 17 கிராம்தான். 60 சதவீதம் என்றால் 18 கிராம். அந்தக் காற்றில் ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல் வெறுமனே 21 டிகிரிக்கு ஆற விட்டாலே அது நிரம்பி வழிந்துவிடும். இரவு வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பாலித்தீன் காற்றைவிடச் சீக்கிரம் குளிரும், ஆகவே பனி முதலில் அதில் கோர்க்கும்.

அடுத்து, குடிலின் மொத்தக் காற்று எவ்வளவு? ஏறக்குறைய 30 கன மீட்டர். 18 கிராம் வீதம் 540 கிராம். அரை லிட்டர். என் குடிலின் காற்று முழுவதும் சேர்த்து வைத்திருந்த தண்ணீர் அவ்வளவுதான். நானோ வேலை முடிந்து வந்து சாயந்திரம் ஆறு மணிக்கு இருபத்தைந்து லிட்டர் தண்ணீரை மண்ணில் ஊற்றி, ராத்திரி பூச்சி வருமே என்று திரைகளை இறக்கிக் கதவையும் சாத்திக்கொண்டிருந்தேன். டம்ளர் அளவுப் பாத்திரத்துக்குள் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வழிகிறதே என்று ஃபாகரைத் திட்டியிருக்கிறேன்.

பாசனத்தைக் காலை ஆறரைக்கு மாற்றினேன். சொட்டுநீர்க் குழாய், மேலே வைக்கோல் மூடாக்கு. தக்காளியில் பழுக்கிற கொத்துக்குக் கீழே இருந்த இலைகளைக் கிள்ளினேன், அதுவும் வெயில் ஏறுகிற காலை நேரத்தில், காயம் மாலைக்குள் காய்ந்துவிட வேண்டும் என்பதற்காக. ராத்திரியில் பக்கத் திரையை ஒரு சாண் தூக்கியே வைத்தேன், திறப்பில் பூச்சிவலை தைத்தாயிற்று. மறுவாரப் பதிவில் 95ஐத் தாண்டுவது இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்றரைக்குத் தள்ளிப்போயிருந்தது. ஒரு மருந்தும் அடிக்காமல் ஆறு மணி நேர ஈரம் குறைந்தது.

மீதியைக் குறைத்தது விசிறி. 12 வோல்ட் விசிறிகள் இரண்டை எதிரெதிர் மூலைகளில், ஒன்று போகும் திசைக்கு மற்றது எதிராக, காற்று குடிலைச் சுற்றி வரும்படி மாட்டினேன். செடிமேல் நேராக அடிக்கக் கூடாது. மெல்லிய பாலித்தீன் நாடாக்களை நூலில் கட்டி ஆங்காங்கே தொங்கவிட்டு, எது அசையவில்லை என்று பார்த்துப் பார்த்துக் கோணத்தைத் திருப்பினேன். இது ஈரப்பதத்தின் எண்ணைப் பெரிதாகக் குறைக்காது. இலையை ஒட்டி நிற்கிற ஈரக் காற்றுப் படலத்தைக் கலைத்துவிடும், அவ்வளவுதான். நோய்க்கு அதுவே போதுமான இடைஞ்சல்.

அதிகாலை விஷயம் ஒன்று பிடிபட நாளானது. வெயில் விழுந்ததும் காற்று சட்டென்று சூடாகும், செடி இலை விடும் ஆவியும் ஏறும். ஆனால் தக்காளிக் காயும் தண்டும் இன்னும் ராத்திரிக் குளிரிலேயே இருக்கும். குளிர்ந்த சொம்பில் வியர்ப்பது மாதிரி காயில் வியர்க்கும். மெழுகு உருளையோ 24 டிகிரி வரும்வரை தூங்குகிறது. அதனால் சூரியன் எழுவதற்கு அரை மணி முன்னால் நானே போய்ப் பக்கத் திரையைப் பாதிக்கு உருட்டிவிடுகிறேன். கொஞ்சம் குளிர்ந்த காற்று உள்ளே வரும், வரட்டும். அது உள்ளே வந்து சூடாகும்போது தாகத்தோடு இருக்கும்.

தாகம் என்று சொன்னேன். சதவீதத்தை விட்டுவிட்டு நான் இப்போது பார்ப்பது அதைத்தான். காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பதை அழுத்தக் கணக்கில் சொல்வது, விபிடி என்பார்கள். 80 சதவீதம் என்றால் எப்போதும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். 20 டிகிரியில் 80 சதவீதம் என்றால் விபிடி 0.47 கிலோபாஸ்கல். 30 டிகிரியில் அதே 80 சதவீதம் 0.85. செடிக்கு இரண்டும் வேறு வேறு உலகம். 36 டிகிரி, 40 சதவீதத்தில் 3.5ஐத் தாண்டுகிறது, அங்கே செடி இலைத்துளைகளை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். காய்கறிகளுக்கு 0.5 முதல் 1.2 வரை சுகம். ராத்திரி 22 டிகிரி, 97 சதவீதத்தில் 0.08. அப்போது இலையிலிருந்து ஆவி ஏறுவது மிகக் குறைவு, அதோடு சேர்ந்து இலை வழியாக இழுக்கப்படும் கால்சியமும் குறையும். குடைமிளகாயின் அடிப்பகுதி கறுத்து அழுகியதற்கு மண்ணில் சுண்ணாம்பு போதவில்லை என்று போட்டுக்கொண்டிருந்தேன். குறை மண்ணில் இல்லை, பகலில் அளவுக்கு மீறிய தாகமும் ராத்திரியில் தாகமே இல்லாததுமாகக் காற்று ஊசலாடியதுதான் என்று இப்போது நினைக்கிறேன். சுண்ணாம்பை நிறுத்திய பிறகும் காய் நன்றாகவே வருகிறது.

தானியங்கிக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் நான் பட்டது அதிகம், கற்றது கொஞ்சம். முதல் நிரலில் இரண்டே வரி: 32 டிகிரியைத் தாண்டினால் ஃபாகர், ஈரப்பதம் 85ஐத் தாண்டினால் வெளியேற்று விசிறி. ஃபாகர் ஓடியதும் ஈரம் ஏறும், விசிறி ஓடும், ஈரம் இறங்கும், விசிறி நிற்கும், சூடு ஏறும், ஃபாகர் ஓடும். இரண்டையும் மின்சாரத்தில் இணைத்துத் துண்டிக்கிற ரிலே, தட்டச்சுப் பொறி போல டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒன்று தண்ணீரைக் கொண்டுவர மற்றது வெளியே கொட்ட, இரண்டுக்கும் நடுவில் என் மின்சாரம். தொடங்கும் அளவும் நிறுத்தும் அளவும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது விபிடி 2.0ஐத் தாண்டினால் ஃபாகர் தொடங்கும், 1.4க்கு இறங்கினால் நிற்கும். ஓடும்போதும் 12 விநாடி ஓட்டம், 48 விநாடி ஓய்வு. துளி ஆவியாக அந்த ஓய்வு வேண்டும், இல்லையென்றால் இலையில்தான் விழும். காலை ஒன்பதரைக்கு முன்னும் மாலை மூன்றரைக்குப் பின்னும் எந்த எண் வந்தாலும் ஃபாகர் ஓடாது என்று கடைசி வரியில் பூட்டு. ஒருமுறை சென்சார் நனைந்து 99.9லேயே மாட்டிக்கொண்டு, நல்ல வெயிலில் ஃபாகர் ஒருநாள் முழுக்க ஓடாமலே இருந்தது. அதன்பிறகு ஒரு மணி நேரம் எண் அசையவில்லை என்றால் விளக்கு எரியும்படி வைத்திருக்கிறேன்.

ரிலே பெட்டியை முதலில் குடிலுக்குள் வைத்தது இன்னொரு முட்டாள்தனம். மூன்று மாதத்தில் திருகுகளில் பச்சையாகக் களிம்பு ஏறி, ஒரு நாள் விசிறி உறுமிவிட்டு நின்றது. பெட்டி இப்போது வெளிச் சுவரில், கம்பிகள் அடிப்பக்கமாக நுழைந்து, நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டு, தண்ணீர் வழிந்தாலும் வளைவில் சொட்டிவிடும்படி. இணைப்பு மொத்தமும் மின்கசிவுத் துண்டிப்பான் வழியாக. ஈரமான தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் இது, அதில் சமரசம் கிடையாது.

குளிர்காலத்தில் வேறு ஒரு பாடம். தெளிந்த வானம் இருந்த ஒரு விடியலில் வெளியே 17.0, உள்ளே 16.3. மூடிய குடில் வெளியைவிடக் குளிராக இருந்தது. சென்சார் மேல் மறுபடி சந்தேகப்பட்டு இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தேன், எண்கள் மாறவில்லை. சாதாரண பாலித்தீன் வெளிச்சத்தை உள்ளே விடுவதுபோலவே இரவில் மண்ணும் செடியும் வீசும் வெப்பக் கதிரையும் தடுக்காமல் வானத்துக்கு விட்டுவிடும். வெளியே லேசான காற்று இருந்தால் அது தரையைக் கொஞ்சம் சூடேற்றும், மூடிய குடிலுக்கு அதுவும் கிடையாது. கறுப்பு வண்ணம் பூசிய 200 லிட்டர் பீப்பாய்கள் இரண்டில் தண்ணீர் நிரப்பி, பகல் வெயில் விழும் ஓரத்தில் வைத்தேன். ராத்திரியில் ஆறு டிகிரி ஆறினால் இரண்டும் சேர்ந்து 2.8 யூனிட் வெப்பத்தை விடும். பத்து மணி நேரத்துக்குப் பிரித்தால் 280 வாட். குடிலின் காற்று ஒரு டிகிரி கூடுதலாக நின்றது. ஒரு டிகிரி கூடினால் ஈரப்பதம் ஐந்தாறு சதவீதம் இறங்கும், 97 இருந்த இடம் 91. பீப்பாய் சூட்டுக்கு என்று வைத்தது, ஈரத்துக்குத்தான் அதிகம் உதவியது. அடைமழை நாட்களில் மட்டும் இது எதுவும் எடுபடுவதில்லை. வெயில் இல்லை, பீப்பாய் சூடாகாது, வெளிக்காற்றும் 95 சதவீதம். அப்போது விசிறியை மட்டும் இரவும் பகலும் ஓட்டிவிட்டு, பழுத்த இலையையும் உதிர்ந்த பூவையும் தினமும் பொறுக்குவதோடு சரி.

பூ உதிர்வது பெருமளவு நின்றுவிட்டது, முழுக்க இல்லை. ராத்திரியும் 25, 26 டிகிரிக்குக் கீழே இறங்காத வாரங்களில் தக்காளி காய் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. அதற்கு என்னிடம் எந்த வழியும் இல்லை. மற்ற நாட்களில் காலை பத்து, பதினொரு மணிக்கு, ஈரப்பதம் 60, 70க்கு வந்ததும், பந்தல் கம்பியை இரண்டு தட்டுத் தட்டுகிறேன். அதற்கு முன்னால் மகரந்தம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டினாலும் உதிராது.

வெள்ளரி மூலையில் மட்டும் இன்னும் காலையில் சொட்டுகிறது. போன வாரம் மடலின் ஜிக்ஜாக் கம்பியைச் சரிசெய்ய ஏணியில் ஏறியபோது, சீட்டின் ஓரத்தில் மங்கலாக ஏதோ அச்சடித்திருப்பது தெரிந்தது. தூசியைத் துடைத்துப் படித்தேன். "இந்தப் பக்கம் உள்ளே". துளி கோர்க்காமல் தண்ணீர் படலமாக வழிந்து ஓரத்துக்குப் போவதற்கான பூச்சு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் ஏணியில், வெளியே நின்றுகொண்டு படித்துக்கொண்டிருந்தேன். சீட்டைக் கழற்றித் திருப்பிப் போட இரண்டு ஆளும் காற்றில்லாத ஒரு காலையும் வேண்டும். அதுவரைக்கும் வெள்ளரிக்கு மேலே பாதியாகக் கிழித்த பிவிசி குழாய் ஒன்றைச் சாய்வாகக் கட்டி, சொட்டுவதை வாளியில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலை வாளியில் முக்கால் லிட்டர்.